நிரந்தரமாக மூடப்பட்டது

2023-ம் வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்றரை மணிக்கு கோயம்புத்தூரில் என் மச்சான் தன் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் குழவியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், மச்சானைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, கடையை மூடிப்போட்டீங்கன்னு போன்ல காட்டுதுங்களே?"

"எந்தப் போன்ல?"

அவர் காட்டினார். கூகுள் மேப்பில் கடையின் பெயர். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று இருந்தது. "இந்தப் பக்கம் வேற வேலை இருந்துச்சு. எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றாராம்.

எனக்குச் சாயங்காலம் போன் வந்தது. "மாப்ள, நம்ம கடையை மூடிட்டாங்களாம். எனக்குத்தான் யாரும் சொல்லல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால், உங்களுக்குக் கடை இருந்தால் அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரியும். வந்து சண்டை போடுகிற வாடிக்கையாளரை எப்படியாவது சமாளித்துவிடலாம். போனைப் பார்த்துவிட்டு, 'ஓ, மூடிட்டாங்களா' என்று அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்பியவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்குப் புத்தகத்தில் தேடுவது? ஆறேழு மாதமாகவே வியாபாரம் சரியில்லை என்று அக்கா, அதாவது மச்சான் மனைவி, புலம்பிக்கொண்டிருந்தார். ஆன்லைனில் வாங்குகிறார்கள், மாவை பாக்கெட்டிலேயே வாங்குகிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கடை இருப்பதே ஊருக்குத் தெரியவில்லை என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கதையை நான் உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இதில் குற்றவாளி நான்.

என் மாமனார் 1978-ல் ஆரம்பித்த கடை அது. கிரைண்டர் விற்பனை, ரிப்பேர், ஸ்பேர் பார்ட்ஸ். கோயம்புத்தூருக்கும் கிரைண்டருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்த புவிசார் குறியீடு, கோயம்புத்தூர் கிரைண்டருக்கும் உண்டு. மாமனார் காலத்தில் கடைக்கு விளம்பரம் என்பது வருஷத்துக்கு ஒரு காலண்டர். மச்சான் காலத்தில், 2009-ல், யாரோ ஒரு பையன் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். திறந்தால் ஃப்ளாஷில் ஒரு கிரைண்டர் சுற்றும், பின்னணியில் வீணை வாசிக்கும். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துப் பாராட்டினோம். ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு மூடுவிழா கண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதற்கப்புறம் கிரைண்டர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு காலிக் கட்டம் மட்டும் இருந்தது. வீணையும் போச்சு.

கொரோனா முடிந்து கடை திறந்த சமயம், 'இனிமேல் எல்லாரும் போன்லதான் தேடறாங்க, நாமளும் எதாச்சும் பண்ணோணும்' என்றார் மச்சான். பத்திரிகைக்காரன் ஆச்சே, நாலு பேரைத் தெரியுமே என்று என்னிடம் கேட்டார். நானும் ஒரு ஆசாமியைப் பிடித்துக் கொடுத்தேன். "மூணே மாசம் சார், ஃபர்ஸ்ட் பேஜ், ஃபர்ஸ்ட் ரேங்க், கேரண்டி" என்றார் அவர். மாதம் 12,000 ரூபாய். "நம்பலாம் மச்சான்" என்று நான்தான் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். கூகுளில் முதல் இடம் வாங்கித் தருவதாக யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இதைச் சொல்வது நான் இல்லை, கூகுளே தன்னுடைய உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது. நாலு நிமிஷம் செலவு செய்து படித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதுகிறவன் தன் வீட்டுக் காரியத்தில் இப்படித்தான் இருப்பான் போலிருக்கிறது.

மாதா மாதம் ரிப்போர்ட் வந்தது. பச்சை நிற அம்புக்குறிகள் எல்லாம் மேலே பார்த்து நின்றன. நாலாவது மாதம் நிஜமாகவே முதல் இடம் வந்துவிட்டது. மச்சான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். எந்த வார்த்தைகளுக்கு முதல் இடம் என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. 'கோயம்புத்தூர் ரயில் நிலையம் அருகில் சிறந்த உயர்தர பிரீமியம் வெட் கிரைண்டர் உற்பத்தியாளர் ஏற்றுமதியாளர்' என்று ஆங்கிலத்தில் முழுசாக அடித்துத் தேடினால் முதல் இடம். நீங்களே சொல்லுங்கள், உங்கள் வீட்டில் பெல்ட் அறுந்தால் இப்படியா தேடுவீர்கள்? யாருமே நடக்காத தெருவில் முதல் கடை!

பதினாலு மாதம் கொடுத்தார்கள். 1,68,000 ரூபாய். அப்புறம் மச்சான் நிறுத்திக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. என் மனைவி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தாள்.

ஆக, மேற்படி செவ்வாய்க்கிழமை போனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி நான் சேரன் எக்ஸ்பிரஸில் இருந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காக அல்ல. நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த மென்பொருள் எல்லாம் டாலி வரைக்கும்தான். சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. துணைக்கு மச்சான் மகள் இருந்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம். நான் சந்தேகம் கேட்க, அவள் தேடிப் படித்துச் சொல்ல, ஒரு வாரத்தில் இரண்டு பேரும் ஓரளவு தேறினோம்.

முதலில் மேப். கடை 2018-லேயே அடுத்த தெருவுக்கு இடம் மாறியிருந்தது. நம் ஆசாமி பழைய வெப்சைட்டில் இருந்த பழைய விலாசத்தை அப்படியே எடுத்து மேப்பில் ஏற்றியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அங்கே போய் ஏமாந்த எவரோ ஒரு புண்ணியவான், 'கடை இல்லை' என்று கூகுளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். கடைக்காரர்தான் கவனித்து மறுக்க வேண்டும். ஆனால் பதிவு இருந்ததோ அந்த ஆசாமியின் இமெயிலில். அவர் நம்பரோ உபயோகத்தில் இல்லை.

அந்தப் பதிவில் இன்னொரு கூத்து. ஒரே வாரத்தில் நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டியிருந்தார்கள். அதில் ஒருவர், 'ரூம் சுத்தமாக இருந்தது, காலை டிபன் அருமை' என்று எழுதியிருந்தார். மச்சானுக்கு அதை வாசித்துக் காட்டியபோது, "டிபனுக்கு மாவு நம்ம கிரைண்டர்லதான் ஆட்டியிருப்பாங்களாட்ட இருக்குது" என்றார்.

உரிமை கேட்டு விண்ணப்பித்து, சில நாள் காத்திருந்த பிறகு, கடை உங்களுடையதுதான் என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது கூகுள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெரு தெரிய வேண்டும், பெயர்ப்பலகை தெரிய வேண்டும், உள்ளே சரக்கு தெரிய வேண்டும், நிர்வாகம் உங்கள் கையில் என்பதற்கு அத்தாட்சியாகப் பூட்டைத் திறந்து காட்டலாம்.

மச்சான் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். விபூதி வேறு. திறந்திருந்த கடையை மூடினோம். ஷட்டரை இறக்கிப் பூட்டினோம். மகள் தெருமுனையிலிருந்து போனைப் பிடித்தபடி நடந்து வந்தாள். மச்சான் குனிந்து சாவியைப் போட்டார். திறக்கவில்லை. இத்தனை வருஷமாக, கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற பூட்டு. கை நடுங்குகிறது. எதிர்க்கடை டெய்லர், பக்கத்துக் கடைப் பையன் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "அப்பா, நிதானமா" என்கிறாள் மகள். அவள் குரலும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. மூன்றாவது தடவை திறந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு, கேமராவைப் பார்த்து அவர் கும்பிட்டார். கூகுள் அதையெல்லாம் கேட்கவில்லை. உள்ளே அப்பா போட்டோவுக்கு ஒரு நிமிஷம் விளக்கையும் போட்டுக் காட்டினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது, "அப்பா ஆரம்பிச்ச கடை எங்கடதுதான்னு ஒரு மிஷினுக்கு சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சு பாருங்க மாப்ள" என்றார். நான் ரசம் போதும் என்று எழுந்துவிட்டேன்.

நாலைந்து நாளில் சிவப்பு எழுத்து போய்விட்டது. ஆனால் வெப்சைட்? கடையின் முழுப் பெயரை அடித்துத் தேடினாலும் அது வரவில்லை. வேறு யார் யாரோ வருகிறார்கள். சொந்தப் பெயருக்கே சொந்த சைட் வராவிட்டால் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம். கூகுள் வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு 'சர்ச் கன்சோல்' என்று ஓர் இலவச ஏற்பாடு கொடுத்திருக்கிறது. எந்த வார்த்தைகளைத் தேடினால் உங்கள் பக்கம் வருகிறது, எத்தனையாவதாக வருகிறது, எத்தனை பேர் அதைத் தட்டி உள்ளே வந்தார்கள், எல்லாம் அதில் தெரியும். டாக்டர் கொடுக்கிற ரிப்போர்ட் மாதிரி. அதைத் திறந்தால் ஒரு வருஷத்துக்கு முந்தைய கடிதம் ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. உங்கள் சைட்டுக்குச் செயற்கையான இணைப்புகள் வாங்கப்பட்டிருக்கின்றன, ஆகவே தண்டனை கொடுத்திருக்கிறோம் என்று சாரம்.

இதை விளக்க நான் கொஞ்சம் காமர்ஸ் வாத்தியார் ஆக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் வெளியிட்ட யோசனை இது. ஒரு பக்கம் நல்ல பக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்றவர்கள் அதைச் சுட்டுகிறார்களா என்று பார். அப்படிச் சுட்டுகிற இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு சிபாரிசு. அதிலும் பெரிய மனிதர் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம், தெருவில் போகிறவர் சிபாரிசுக்குக் குறைவு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுகிற வழக்கத்திலிருந்து எடுத்தது. காமர்ஸ் பாஷையில் இதற்கு குட்வில் என்று பெயர். பேலன்ஸ் ஷீட்டில் தொட முடியாத சொத்துக்களில் வரும்.

குட்வில்லுக்கு மதிப்பு வந்தால் அதைப் போலியாகச் செய்யவும் ஆள் வருமே? வந்தார்கள். எங்களுக்கு அக்கவுண்டன்ஸியில் 'அக்காமடேஷன் பில்' என்று ஒரு பாடம் உண்டு. நீங்களும் நானும் ஒரு குண்டூசி கூட வாங்கி விற்கவில்லை. ஆனால் நான் உங்கள் மேல் ஒரு பில் எழுதுவேன், நீங்கள் அதில் கையெழுத்துப் போடுவீர்கள், பேங்கில் கொடுத்துப் பணமாக்கிப் பங்கு போட்டுக்கொள்வோம். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான வியாபாரம். கெடு வந்து ஒருத்தர் கையை விரித்தால் சங்கிலி முழுக்கச் சரியும். பரீட்சையில் பதினைந்து மார்க் கேள்வி. நம் ஆசாமி மச்சான் கடைக்குச் செய்தது அச்சு அசல் இதுதான். சூதாட்ட சைட், பல் ஆஸ்பத்திரி, நாய்க்குட்டி விற்கிறவர், போலந்து பாஷையில் என்னவோ ஒன்று... இவர்கள் எல்லாம் மச்சான் கிரைண்டரைச் சிபாரிசு செய்கிறார்களாம்!

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி ஒரு காலத்தில் துணிமணி, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதன் பின்னால் இருந்த கூலி இணைப்புகளை அம்பலப்படுத்தியதும் தடாலென்று கீழே விழுந்தது. அதற்கும் முன்னால், 2006-ல், பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் சைட் வேறு ஒரு தில்லுமுல்லுக்காகப் பட்டியலை விட்டே நீக்கப்பட்டுச் சில நாளில் திரும்பியது. அந்தக் கம்பெனிகளுக்கு அது ஒரு தற்காலிகத் தலைவலி. மூன்று பேர் வேலை செய்கிற கடைக்கு அப்படி இல்லை.

மச்சான் மகள் அந்தச் சைட்டுகளுக்கெல்லாம் இணைப்பை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருத்தர் எடுப்பதற்குக் கட்டணம் கேட்டார். (இதுவும் ஒரு தொழில்!) மிச்சம் இருந்தவற்றைப் பட்டியல் போட்டு, 'இந்தச் சிபாரிசுகள் எங்களுக்கு வேண்டாம்' என்று கூகுளிடமே ஒப்படைத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டாள். முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை இன்னும் விவரமாக எழுதியதும் தண்டனை நீங்கியது. தண்டனைதான் நீங்கியது, இடம் வரவில்லை. பொய்ச் சிபாரிசை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒன்றும் இல்லை.

சைட்டை முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து படித்தேன். 'எங்கள் தொலைநோக்கு', 'எங்கள் லட்சியம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி'. முக்கியமான விவரம் எல்லாம் படத்துக்குள் எழுத்தாக இருந்தது. போனில் திறந்தால் எறும்பு சைஸ். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் 'ஹோம்', 'ஹோம்', 'ஹோம்'. யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒளித்து வைக்கிற 'மெட்டா கீவேர்ட்' என்ற இடத்தில் எழுபது வார்த்தைகளைத் திணித்திருந்தார் ஆசாமி. அந்த இடத்தைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லியாகிவிட்டது.

இதையெல்லாம் சரி செய்வது பெரிய காரியம் இல்லை. தெரிந்த பையன் ஒருவன் நாலு நாளில் செய்து கொடுத்தான். எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடை போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேரேடு மாதிரி நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், போன் செய்தவர் கேட்டது. வலது பக்கம், அதற்கு நம் சைட்டில் பதில் இருக்கிறதா?

அன்றைக்கு 27 போன். "உர்ருனு சத்தம் மட்டும் வருதுங்க, சுத்த மாட்டேங்குது." "ரப்பர் கருகுற வாசம் வருது." "புதுக் கிரைண்டர், மாவு சாம்பலாட்ட வருது, சாப்பிடலாங்களா?" "கல்லு கொத்தோணுங்க, வீட்டுக்கு வருவீங்களா?" "ரெண்டு லிட்டர் கிரைண்டர்ல எத்தனை டம்ளர் அரிசி போடலாம்?" "பெல்ட்டு நம்பர் அழிஞ்சு போச்சு, எப்படிப் பார்த்து வாங்கறது?" ஒருவர் கூட 'பிரீமியம்' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. லட்சியம் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் இடது பக்கம் நிரம்பியிருந்தது. வலது பக்கத்தில் ஒரு டிக் கூட இல்லை. ஆனால் 27 பேருக்கும் பதில் சொல்லி முடித்திருந்தார் மச்சான், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். கடையில் இல்லாத சரக்கை நாங்கள் மாதம் 12,000 கொடுத்து வெளியே வாங்கிக்கொண்டிருந்தோம். இருந்த சரக்கு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அப்படியே எழுதிவிடலாம் என்றேன். மச்சானுக்கு மனசில்லை.

"உர்ருனு சத்தம் வந்தா முக்கால்வாசி கெபாசிட்டர் போயிருக்கும் மாப்ள. அதை எழுதிப்போட்டா அவனே வாங்கி மாட்டிக்குவான். ரிப்பேருக்கு நம்மகிட்ட எதுக்கு வருவான்?"

நியாயமான பயம். ரிப்பேரில்தான் வாடகையே ஓடுகிறது. நான் பதில் தெரியாமல் நின்றேன். மாமனார் காலத்திலிருந்து இருக்கிற மெக்கானிக் பெரியவர், மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "எழுதட்டும் விடுங்க மொதலாளி. பத்துப் பேர் படிப்பான். ரெண்டு பேர் கழட்டுவான். அதுல ஒருத்தன் மறுபடி மாட்டத் தெரியாம சாக்குப்பையில போட்டு இங்கதான் எடுத்துட்டு வருவான்."

எழுதினோம். கூடவே, உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள் என்றும். மச்சான் பேசுவார், மகள் டைப் அடிப்பாள், நான் திருத்துவேன். முதல் பக்கத்துக்கு நான் ஒரு முன்னுரை தயார் செய்தேன். 'ஆதிகாலத்தில் நம் முன்னோர் ஆட்டுக்கல்லில்...' என்று ஆரம்பம். அவள் படித்துவிட்டு, "மாமா, நீங்க மாவு ஆட்டாதீங்க" என்று அடித்துவிட்டாள். இருபத்தைந்து வருஷ அனுபவம் அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

மச்சானிடம் கற்றதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிற கேள்வி, 'பொண்ணு அமெரிக்காவுல இருக்குது, இங்கிருந்து கிரைண்டர் கொண்டு போனா ஓடுங்களா?' நான் நினைத்தேன், அங்கே 120 வோல்ட், நம் ஊரில் 230, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீர்ந்தது என்று. மச்சான் தலையை ஆட்டினார். "வோல்ட்டை மாத்தலாம் மாப்ள. ஹெர்ட்ஸை அது மாத்தாது." நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் கனடாவிலும் 60. இங்கத்திய மோட்டார் அங்கே போனால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுதலாகச் சுற்றும். கல்லும் மாவும் ஏறிய பாத்திரம் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. அதனால் அங்கத்திய கரண்டுக்கென்றே செய்த மோட்டார் உள்ள மாடலாக வாங்க வேண்டும். சிங்கப்பூர், துபாய், லண்டன் என்றால் கவலை இல்லை, பிளக் மட்டும்தான் வேறு. சவுதியில் வோல்ட் நம்மைப் போல, ஹெர்ட்ஸ் அமெரிக்கா போல. ஆகவே ஜாக்கிரதை. பத்தாவது வரை படித்த மனிதர் இதை மூச்சு விடாமல் சொல்கிறார். நாடு நாடாகப் பட்டியல் போட்டு அதை ஒரு பக்கமாகப் போட்டோம், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு. செப்டம்பரில் அந்த அமெரிக்கப் பக்கம் நாற்பதாவது இடத்தில் தலை காட்டியது. நாற்பதாவது இடம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். தீபாவளிக்குப் பிறகு பதினெட்டு. 2024 பொங்கலுக்கு ஆறு. ஐந்துக்கு மேல் இன்றுவரை போகவில்லை, மேலே எல்லாம் பெரிய ஆன்லைன் கடைகள். இதற்கிடையில் பொருட்களுக்கான பக்கங்களில் சொந்தமாக எடுத்த போட்டோ, விலை, என்ன எடை, என்ன பெல்ட் நம்பர் எல்லாம் ஏறின. வாங்கிப் போகிறவர்களிடம், 'பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்க' என்று மட்டும் மச்சான் சொல்வார். பழைய நாற்பது நட்சத்திரங்களை நீக்கச் சொல்லி நாங்களே எழுதிக் கொடுத்தோம். அந்தக் காலை டிபன்காரர் மட்டும் எப்படியோ தங்கிவிட்டார்.

பக்கத்து ஏரியாவில் யாராவது 'கிரைண்டர் ரிப்பேர்' என்று போனில் தேடினால் இப்போது மேப்பில் முதல் மூன்றுக்குள் கடை வருகிறது. இதற்கு கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறதாம். கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் பெற்றது. தூரத்தை மச்சானால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டில்தான் வேலை.

2024 பிப்ரவரியில் பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மா தன் கணவரோடு கடைக்கு வந்தார். மகள் நியூஜெர்சியில் பிள்ளை பெறப் போகிறாள், உதவிக்குப் போகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். "நாலு கடையில டிரான்ஸ்ஃபார்மர் வெச்சா போதும்னாங்க. நீங்க மட்டும்தான் வேண்டாம்னு எழுதியிருந்தீங்க" என்றாராம். அமெரிக்காவுக்கான மாடல் ஒன்று வாங்கிப் போனார். மச்சான் அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்து இதை இரண்டு தடவை சொன்னார். விற்ற லாபத்தைச் சொல்லவில்லை. பிரின்ட் எடுத்து வைத்திருந்ததைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

சுபம் போட்டுவிடலாம் என்று பார்த்தால், 2024 ஆகஸ்டில் கூகுள் இந்தியாவிலும் ஏ.ஐ. பதில்களைப் பரவலாகக் கொண்டுவந்தது. கேள்வி கேட்டால் தேடல் முடிவுகளுக்கு மேலேயே அது பதிலைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. யாரும் உள்ளே வர வேண்டிய அவசியம் இல்லை. கன்சோலில் பார்த்தால் பக்கம் கண்ணில் படுகிற எண்ணிக்கை கூடியிருக்கிறது, உள்ளே வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

"நாம எழுதினதையே எடுத்து அது சொல்லிடுதுப்பா, கீழ சின்னதா ஒரு லிங்க் குடுத்துட்டு" என்று கோபப்பட்டாள் மகள். எனக்கும் கோபம்தான். எழுத்துக் கூலியில் சாப்பிடுகிறவனுக்கு வராதா?

மச்சான் யோசித்துவிட்டு, "போன்ல சொல்றப்ப மட்டும் காசா வாங்கினேன் கண்ணு? கெபாசிட்டர் வேணும்னா கடைக்குத்தான வரோணும்" என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. மெக்கானிக் பெரியவருக்கு மாதம் எத்தனை சாக்குப்பை வருகிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்கிறேன். குறையவில்லை என்கிறார். கூடவும் இல்லையாம்.

போன மாதம் கடைக்கு ஒரு போன். "சார், உங்க வெப்சைட்டை மூணு மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜுக்குக் கொண்டு வரோம், கேரண்டி." நான் அப்போது கடையில் இருந்தேன். வாங்கித் திட்டலாம் என்று கையை நீட்டினேன். மச்சான் கொடுக்கவில்லை.

"தம்பி, உங்க வீட்டுல கிரைண்டர் இருக்குதுங்களா?"

இருக்கிறதாம். பெல்ட் தளர்ந்து போய் வழுக்குகிறதாம். அம்மா தினமும் திட்டுகிறார்களாம். மச்சான் மாடலை விசாரித்து, பழைய பெல்ட்டை எப்படி அளப்பது என்று கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். பையன் ஒரு பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். கொரியரில் அனுப்பியாகிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

"வந்துரும் மாப்ள" என்கிறார்.